மேலிருந்து பார்த்தால் பச்சை

தண்டையார்பேட்டையில் ஒரு துண்டு மண் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அதை எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொன்னால் செல்லாது. ரமாபாய்க்கு இது தெரியாது. தெரியாததால்தான் உமைமாவின் முட்டியை ஆதாரமாக எடுத்துக்கொண்டு வான்நோக்கு மையத்துக்குப் போனாள்.

முட்டியோடு உமைமாவும் போனாள். ரமாபாயின் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். முந்தின நாள் பந்துக்குப் பாய்ந்து விழுந்த இடத்தில், வெந்நீர் கொட்டியதுபோலத் தோல் கொப்பளித்திருந்தது. மைதானத்தின் வடக்குப் பாதியில் மண் அந்த அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது. வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளத்துரையின் டேங்கர் யார்டு. துறைமுகத்துக்குப் போய் என்னென்னவோ ஏற்றி இறக்கிவிட்டு வரும் லாரிகளை அங்கே கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் சுவரில் இருந்த ஓட்டை வழியாக மைதானத்துக்குள் வரும். வெயிலில் அது கறுப்பு அப்பளமாகக் காயும். மழையில் கிரீஸாகும்.

ரமாபாய் ஒரு காலத்தில் ரயில்வே அணிக்கு இடது தடுப்பாட்டக்காரியாக ஆடியவள். இப்போது பார்சல் ஆபீஸில் வேலை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து தினமும் சாயங்காலம் பஸ் பிடித்து வந்து இந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். அணி அந்த வருஷம்தான் லீகில் சேர்ந்திருந்தது. சொந்த மைதானம் இல்லாத அணிக்கு லீகில் இடமில்லை என்பது விதி. ஆகவே மைதானத்தைக் காப்பாற்ற அவள் இரண்டு அலுவலகங்களுக்கு நடந்தாள். மண் கெடுவதைப் பார்ப்பதற்கென்றே இப்போது தனி நிறுவனம் வந்துவிட்டது, அங்கே போ என்று இரண்டு இடத்திலும் சொன்னார்கள்.

நல்லவேளையாக அந்த நிறுவனம் மைதானத்தின் தெற்குச் சுவரை ஒட்டியே இருந்தது. கண்ணாடிக் கட்டடம். அதைச் சுற்றி ஊரிலேயே இல்லாத பச்சையில் பரந்த புல்தரை. அதற்கு நாளெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் தேவப்பிரியம் உமைமாவின் முட்டியை மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இது என்ன?"

"முட்டி சார்."

"தெரிகிறது. எந்த வகைத் தரவு என்று கேட்கிறேன்."

ரமாபாய்க்குப் புரியவில்லை. "சார், அந்தத் திரைய கொஞ்சம் தூக்குனா நீங்களே பாக்கலாம் சார். தோ, உங்க ஜன்னலுக்கு நேராத்தான் கீது கிரவுண்டு. வடக்காண்ட ஃபுல்லா கறுப்பு."

தேவப்பிரியம் புன்னகைத்தார். குழந்தைகள் நிலாவைக் கேட்கும்போது பெரியவர்கள் புன்னகைப்பார்களே, அது. "அம்மா, இது ஜன்னல் வழியாகப் பார்க்கிற நிறுவனம் இல்லை."

பிறகு விளக்கினார். மண்ணைப் பற்றிப் புகார் சொல்ல ஒருவருக்கு முதலில் தகுதி வேண்டும். மண் காவலர் பயிற்சியில் தேறியவர் செயற்கைக்கோள் படத்தில் கண்டு சொன்னால் அது புகார். மற்றவர் கண்ணால் கண்டு சொன்னால் அது அபிப்பிராயம்.

"அபிப்பிராயத்துக்கு மருந்து போடலாமா சார்?" என்று உமைமா கேட்டாள். ரமாபாய் அவள் தலையில் ஒரு தட்டு தட்டி வெளியே அழைத்து வந்தாள். மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பயிற்சியில் சேர்ந்தாள்.

பயிற்சியின் தொடக்க விழா அந்த நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் சட்டைமேல் போடும் கைவைக்காத நீலக் கோட்டு ஒன்று, தொப்பி ஒன்று, தோள்பை ஒன்று. பையில் ஒரு இலைப் படம். அதன் கீழே 'பசுமைப் பங்காளர்: வெள்ளத்துரை டேங்கர் யார்டு' என்று அச்சிட்டிருந்தது. ரமாபாய் பையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் இந்தப் பக்கம் திருப்பினாள். எழுத்து மாறவில்லை.

விளக்கேற்றியபின் தேவப்பிரியம் பேசினார்.

"நண்பர்களே, முன்பெல்லாம் ஒரு நிலம் கெட்டால் அதன்மேல் குடியிருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. அறிவியலுக்குக் கடைசியில் தெரிந்தது. எவ்வளவு பெரிய அநீதி! அந்த நிலையை மாற்றத்தான் இந்த மையம். இனி நிலம் கெட்டால் முதலில் எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டிய நேரம் வரும்போது தெரிவிப்போம். ஆதாரம் இல்லாத ஒரு புகாரைக்கூட நாங்கள் இதுவரை ஏற்றதில்லை. ஆதாரம் உள்ளதையும் ஏற்றதில்லை. அந்த அளவுக்குக் கண்டிப்பு."

கைதட்டல் ஓய்ந்ததும் பசுமைப் பங்காளர் எழுந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு பொட்டு கறை கிடையாது.

"எனக்குப் பேச வராதுங்க. தெக்க இருந்து வந்து முப்பது வருசமாச்சு. இந்த ஊரு மண்ணுதான் எனக்குச் சோறு போடுது. ஒரு லாரியக்கூட நான் அழுக்கா வச்சுக்கிட்டதில்ல. உள்ள இருக்கிற அம்புட்டு அழுக்கையும் கழுவி, ஒரு சொட்டு விடாம வெளிய அனுப்பிட்டுத்தான் மறுவேல. என் யார்டுக்குள்ள வந்து பாருங்க, தரையில சோறு போட்டுத் திங்கலாம்!"

"வெளிய அனுப்புறது எங்க போவுது?" என்று ரமாபாய் எழுந்து கேட்டாள். அதற்குள் தேசிய கீதம் தொடங்கிவிட்டதால், கேள்வி கேட்க எழுந்தவள் மரியாதைக்காக எழுந்தவளானாள்.

பாடங்களை நடத்தியவன் ஜெரின் என்ற இளைஞன். கழுத்தில் மூன்று அடையாள அட்டை. முதல் பாடம் 'தரை மறத்தல்'. எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னான்.

"மனசால மேல போங்க. கட்டடத்துக்கு மேல. மேகத்துக்கு மேல. இப்ப கீழ பாருங்க. ரமாபாய் மேடம், என்ன தெரியுது?"

"எங்க கிரவுண்டு தெரியுது சார்."

"என்ன நிறம்?"

"கறுப்பு."

"இன்னும் நீங்க தரையை மறக்கலை. கொஞ்சம் மேல போங்க. இப்ப?"

"கறுப்பாத்தான் கீது."

"இன்னும் மேல."

ரமாபாய்க்கு வேர்த்தது. வகுப்பே தன்னால் தாமதமாகிறது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. முடிந்தவரை மேலே போனாள்.

"இப்ப?"

"இப்ப ஒண்ணுமே தெரியல சார்."

"சபாஷ்!" என்றான் ஜெரின். "அதுதான் சரியான உயரம். எல்லாரும் அங்க வந்துடுங்க."

பயிற்சியாளர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அங்கே போய்க் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒருநாள் படம் திரைக்கு வந்தது. வடசென்னை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது. ஒவ்வொரு கட்டமும் கால் கிலோமீட்டர் நீளம், கால் கிலோமீட்டர் அகலம். நல்ல நிலம் பச்சை, கெட்ட நிலம் சிவப்பு. ரமாபாய் கடற்கரையிலிருந்து விரலை நகர்த்தி, கல்மண்டபம் தாண்டி, தன் மைதானத்தைத் தேடிப் பிடித்தாள். பச்சை. சுற்றுவட்டாரத்திலேயே அதுதான் நல்ல பச்சை.

"சார், தப்பான எடத்த காட்டுது."

"சரியான இடம்தான். ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்தான் உண்டு மேடம். உங்க மைதானம், நம்ம புல்தரை, ரெண்டும் ஒரே கட்டத்துல வருது. புல் பெரிசு, நல்ல பச்சை. சராசரி போட்டா கட்டம் பச்சை."

"எம்பொண்ணுங்க சராசரியிலயா சார் ஆடுதுங்க? மண்ணுல ஆடுதுங்க."

"உங்க கண் அளவு திருத்தாத கருவி மேடம். சாட்டிலைட்டை வருஷத்துக்கு இத்தனை தடவை சரிபார்க்கிறாங்க. உங்க கண்ணைக் கடைசியா எப்ப சரிபார்த்தீங்க?"

ரமாபாய் யோசித்தாள். பார்சல் ஆபீஸில் சேர்ந்தபோது பார்த்தது. அதைச் சொன்னதும் ஜெரின் வருத்தத்தோடு தலையை ஆட்டினான்.

சான்றிதழ் வாங்கிய அன்றே அவள் புகார் கொடுத்தாள். அந்தக் கட்டத்துக்கு நியமிக்கப்பட்ட மண் காவலரின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது என்று பதில் வந்தது. அந்தக் கட்டத்துக்கு நியமிக்கப்பட்ட மண் காவலர் ரமாபாய். கருத்தைச் சொல்ல ஒரு செயலி கொடுத்திருந்தார்கள். அதில் பச்சை இருந்தது, மஞ்சள் இருந்தது, சிவப்பு இருந்தது. எதைத் தொட்டாலும் 'படத்தோடு பொருந்தவில்லை, மீண்டும் முயல்க' என்றது. பச்சையைத் தொட்டால் மட்டும் நன்றி சொன்னது.

"பேஜாரு புடிச்ச போனு" என்று அவள் அதைப் பைக்குள் போட்டாள். உமைமா அந்த மாதம் முழுவதும் இரண்டு காற்சட்டை போட்டுக்கொண்டு பாய்ந்தாள்.

கோடை தொடங்கியபோது மையத்துக்கு ஒரு சோதனை வந்தது. வெளிநாட்டு நிபுணர் குழு ஒன்று வருகிறதாம். மையம் கண்டுபிடித்த சீரழிந்த நிலத்தைப் பார்க்க வேண்டுமாம். தேவப்பிரியம் தன் பொறுப்பில் இருந்த கட்டங்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தார். எல்லாம் பச்சை. மஞ்சள்கூட இல்லை. எல்லாப் பசுமைப் பங்காளர்களும் தங்கள் வாசலில் ஒழுங்காகப் புல் வளர்த்திருந்தார்கள்.

"இத்தனை நாள் கண்காணித்தும் ஒரு இடம்கூடவா கெடவில்லை?" என்று அவர் ஊழியர்களிடம் கத்தினார். "கெட்ட நிலம் இல்லாவிட்டால் நம்மை எதற்கு என்று கேட்க மாட்டானா? நாட்டுப்பற்று இல்லையா உங்களுக்கு?"

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அன்றே புல்தரைக்குத் தண்ணீர் நின்றது. கத்திரி வெயிலில் அது மஞ்சளாகி, பழுப்பாகி, கால் வைத்தால் நொறுங்கும் பதத்துக்கு வந்தது. திரையில் கட்டம் மெல்ல நிறம் மாறி, குழு வருவதற்கு முந்தின வாரம் அழகான சிவப்பாகிவிட்டது.

தேவப்பிரியம் ரமாபாயைத் தானே கூப்பிட்டு ஜாங்கிரி கொடுத்தார்.

"வாழ்த்துகள்! உங்கள் மைதானம் கெட்டுவிட்டது."

ரமாபாய்க்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நெஜமாவா சார்? நம்பிட்டீங்களா? அப்ப வர்ற வாரமே கிளீன் பண்ணிடுவீங்களா?"

குழு வந்தது. குளிரூட்டிய அறையில் திரை முன்னால் நின்று சிவப்புக் கட்டத்தோடு படம் எடுத்துக்கொண்டது. அவர்களில் ஒரு அம்மாள் நிலத்தை நேரில் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டாள். வெளியே தூசு என்று சொல்லி அவளுக்குப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். கட்டம் பெரிய கட்டமானது. அவள் திருப்தியோடு போனாள்.

மறுநாள் சுத்தம் செய்ய ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் ரமாபாய் ஓடினாள். அவர்கள் மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் பலகை: 'ஒப்பீட்டுக்கான சீரழிந்த நிலம். இந்நிலத்தைச் சீர்செய்வது தண்டனைக்குரியது.'

"இன்னா சார் இது அநியாயமா கீது?" என்று அவள் இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள். "கெட்டுப்போச்சுன்னு நீங்களே சொன்னீங்க. இப்ப தொடாதன்றீங்க."

"உட்காருங்கள். மாநிலத்திலேயே மிக நன்றாகக் கண்காணிக்கப்பட்ட சீரழிவு இது. நீங்கள் சுத்தம் செய்தால் கட்டம் பச்சையாகிவிடும். பச்சையானால் திட்டம் முடிந்தது. சிவப்பு இருக்கிறவரைதான் கண்காணிப்பு. கண்காணிப்பு இருக்கிறவரைதான் மண்ணுக்குப் பாதுகாப்பு. ஆகவே இந்த மண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் அது கெட்டே இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நம் நாட்டில் பலர் நிலத்தைச் சீர்செய்துவிடுகிறார்கள்."

"பொண்ணுங்க எங்க சார் ஆடும்?"

"வேறு கட்டத்தில் ஆடலாமே."

வேறு கட்டம் கிடைக்கவில்லை. கண்டெய்னர் லாரிகள் நிற்கும் சந்தில் பந்து உதைத்தார்கள். டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். இரண்டு பெண்கள் வராமல் நின்றுவிட்டார்கள். உமைமாவின் அம்மா மகளைத் தையல் வகுப்பில் சேர்க்கப்போவதாகச் சொன்னாள். வடகிழக்குப் பருவம் முடிந்ததும் லீக் தொடங்கும், அதற்குள் மைதானத்தைக் காட்ட வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரமாபாய்க்கு இரவில் தூக்கம் போய்விட்டது. பார்சல் ஆபீஸில் விஜயவாடா மூட்டையை விழுப்புரத்துக்கு அனுப்பித் திட்டு வாங்கினாள்.

ஐப்பசியில் மண் காவலர்களுக்கு ஒரு மறுபயிற்சி நடந்தது. வெளியே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ரமாபாய், சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"சார், மேகம் மறைச்சா சாட்டிலைட்டுக்கு எப்டித் தெரியும்?"

"தெரியாது" என்றான் ஜெரின் பெருமையோடு. "நம்ம படத்துக்கு மேகம் ஆகாது. படம் இல்லைன்னா தரவு இல்லை. தரவு இல்லைன்னா அந்த நாள் நடக்கவே இல்லைன்னு அர்த்தம். புயல் சின்னம் இருக்கு, நாளையிலேர்ந்து ஒரு வாரம் மேக விடுப்பு. மையத்துல யாரும் இருக்க மாட்டோம்."

"ஒரு வாரம் ஒண்ணுமே நடக்காதா சார்?"

"எதுவுமே நடக்காது."

ரமாபாய் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை தூறலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு அம்புரோஸ் வந்தான். காசிமேட்டில் மீன் ஏற்றுபவன். அவன் மகள் அணியில் நடுக்களம் ஆடுகிறாள். அம்மாக்கள் மண்வெட்டியோடும் அன்னக்கூடையோடும் வந்தார்கள். நின்றுபோன இரண்டு பெண்களும் வந்தார்கள். கொத்தனார் வேலை பார்க்கும் ஒரு தகப்பன், வேலியைப் பிரித்ததும் முதல் வேலையாகச் சுவர் ஓட்டையைச் செங்கலும் சிமென்ட்டும் வைத்து அடைத்தான். பிறகு எல்லோருமாகக் கறுப்புப் படலத்தைச் சுரண்டத் தொடங்கினார்கள். கையில் பிளாஸ்டிக் பையையும், நாற்றத்துக்கு மூக்கில் துண்டையும் சுற்றிக்கொண்டார்கள். ஒரு முழம் தோண்டியபின் வெளுத்த மணல் தெரிந்தது.

"அக்கா, வண்டி ரொம்பிடுச்சு" என்றான் அம்புரோஸ். "இந்தக் கலீஜை எங்க கொட்றது? காவாயில போட்டா ஊரே நாறும்."

ரமாபாய் தெற்குச் சுவரைப் பார்த்தாள். அதற்கு அப்பால் செத்த புல்தரை பரந்து கிடந்தது.

"ஒரே கட்டம்தானே நைனா" என்றாள். "இங்க கீறது அங்க போனா இன்னா? சராசரி மாறாது."

மையத்தின் வாசலில் காவலாளி எழுந்து நின்றான். ரமாபாய் நீலக் கோட்டும் தொப்பியும் மாட்டி, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். "மண் காவலர். கட்டத்துக்குள்ள வேலை" என்றாள். அவன் சல்யூட் அடித்து இரண்டு கதவையும் திறந்தான். இதுவரை கோட்டு போட்டவர்கள் மண்ணைத் தொட்டு அவன் பார்த்ததில்லை. ஆகவே இவள் ரொம்பப் பெரிய அதிகாரிதான் என்று முடிவு செய்துகொண்டு, வண்டி தள்ளவும் கை கொடுத்தான்.

நடக்காத அந்த வாரம் முழுவதும் மழைக்கு நடுவே வேலை நடந்தது. வேலியைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை. கம்பிகளைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் புல்தரையைச் சுற்றி நட்டார்கள். பலகையை அம்புரோஸ் நேர்பார்த்து நிறுத்தினான்.

வானம் வெளுத்ததும் மையம் திறந்தது. காரிலிருந்து இறங்கிய தேவப்பிரியத்தின் வலது கால் கணுக்கால்வரை கறுப்புச் சேற்றுக்குள் போனது. காலை எடுத்தபோது ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. ஒற்றை ஷூவோடு அவர் நொண்டிக்கொண்டே மேலே போய், ஜெரினிடம் புதுப்படத்தைப் போடச் சொன்னார். ஜெரின் போட்டான். கட்டம் சிவப்பு. போன மாதம் எந்தச் சிவப்போ அதே சிவப்பு.

"மாற்றம் எதுவும் இல்லை சார்" என்றான் ஜெரின், மூக்கைப் பொத்திக்கொண்டு.

கீழே ஒரே கூச்சல். வெள்ளத்துரை வேட்டியைத் தொடைவரை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி வந்தார். வேட்டி இடுப்புவரை கறுத்திருந்தது.

"ஏ தேவப்பிரியம்! எவனோ ஓட்டைய அடச்சுட்டான்யா! கழுவுன தண்ணி பூரா யார்டுக்குள்ளயே நிக்கி! லாரியெல்லாம் முங்கிக் கெடக்கு! போலீசுக்குச் சொல்லிரும்!"

தேவப்பிரியம் ஜன்னல் திரையை விலக்கினார். அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து அவர் அதைச் செய்ததில்லை. ஒரு பக்கம் வெள்ளை மணல் மைதானம். இன்னொரு பக்கம் கறுப்புப் புல்தரை. நடந்ததைச் சொன்னால், ஒரு பக்கத்து மண் மறுபக்கம் போனதுகூடத் தங்கள் படத்துக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டிவரும். அடுத்த மாதம் ஜெனீவாவில் அவருக்கு விருது.

"எந்தத் தண்ணீர்?" என்றார்.

"என்னய்யா வெளையாடுதீரு? யார்டுலேர்ந்து வெளிய போற தண்ணி!"

"உங்கள் யார்டிலிருந்து தண்ணீர் வெளியே போனதாக எங்களிடம் தரவே கிடையாது. நீங்கள் பசுமைப் பங்காளர். போகாத தண்ணீர் எப்படி நிற்கும்?" திரையைத் திரும்ப இழுத்து மூடினார். "கட்டம் சிவப்பாக, உறுதியாக இருக்கிறது. எதுவும் நடக்கவில்லை. தயவுசெய்து தரையை மறந்துவிடுங்கள்."

வெள்ளத்துரை அன்று சாயங்காலமே பம்ப் வைத்துத் தண்ணீரை லாரியில் ஏற்றி எங்கேயோ அனுப்பத் தொடங்கினார். எந்தக் கட்டத்துக்கு என்பது தெரியவில்லை. மையத்து ஊழியர்கள் வாசலிலிருந்து படிவரை பலகை போட்டு, ஒருவர் பின் ஒருவராக அதன்மேல் நடந்து அலுவலகம் போனார்கள். அடுத்து வந்த நிபுணர்களுக்குத் தூசு என்று சொல்லி மறைக்க வேண்டியிருக்கவில்லை. வேலியும் பலகையும் தயாராக இருந்தன.

லீக் தொடங்கியது. ரமாபாயின் அணி தன் சொந்த மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டத்துக்குப் புளியந்தோப்பிலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. உமைமா ஒற்றைக் காற்சட்டையோடு கோலில் நின்றாள். இடைவேளைக்கு முன்னால் இரண்டு கோல் வாங்கினாள், பின்னால் இரண்டு. நான்காவதில் பந்து இடப்பக்கம் போக அவள் வலப்பக்கம் பாய்ந்து, மணலில் சறுக்கி, எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டாள். எங்கேயும் எரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பெண்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்திக்குக்கூடச் சொல்ல ஒரு சாக்கு இல்லை. மண்ணின்மேல் பழி போட முடியாத தோல்வி. ரமாபாய்க்கு அப்படி ஒரு தோல்வி கிடைத்து வெகுகாலமாகியிருந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவர் வரைக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"நாலு கோலு! இன்னாடி ஆட்டம் இது, வூட்ல வடாம் காயப்போடறாப்பல ஆளுக்கொரு மூலைல நின்னுகினு? பால் அந்தாண்ட போவுது, நீ இந்தாண்ட டைவ் அடிக்கிற! ஏந்துரு, ஏந்துரு. யாரும் வூட்டுக்குப் போவக்கூடாது. கிரவுண்ட சுத்தி ஓடு!"